அலமாரியில் வளர்ந்த கேந்தி

நீல நூலில் பின்னிய சின்னப் பை அது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் வாயில் ஒரு சேஃப்டி பின். யூனிஃபார்ம் பாக்கெட்டின் உள்பக்கம் அதைக் குத்திக்கொண்டுதான் தினமும் டியூட்டிக்குப் போகிறேன். உள்ளே இரண்டு சாவிகள். மார்ஃபின் போன்ற மருந்துகளை வைக்கும் அலமாரிக்கு இரட்டைக் கதவு, இரட்டைப் பூட்டு. நாகர்கோவிலில் நான் இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனையில் இளைய நர்ஸுகளுக்கு இந்தப் பை ஒரு வேடிக்கை. "அக்கா, உள்ளே என்ன தாயத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். இதைப் பின்னியவர், குவைத்தில் ஃபஹாஹீலில் எனக்கு வார்டு இன்சார்ஜாக இருந்த அக்கா. அவரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது பாசமில்லை, நன்றியும் இல்லை. திக்கென்ற ஓர் அதிர்ச்சிதான் வருகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து சேரும்.

அக்கா குமரிக் கடற்கரைக்காரர், மீன்பிடிக் குடும்பம். நான் சென்று சேர்ந்தபோதே அவர் அங்கே இருபது வருடம் முடித்திருந்தார். கணவர் பாலைவனத்து எண்ணெய்க் கேம்பில் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். ஒரே மகன். அக்காவின் கறார் எங்கள் மருத்துவமனையில் பிரசித்தம். டியூட்டிக்கு வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் அந்த அலமாரியைத் திறந்து ஆம்பூல்களை, அதாவது ஊசிமருந்துக் கண்ணாடிக் குப்பிகளை, எண்ணுவார். எண்ணி முடித்த பிறகுதான் குட் மார்னிங். ஓர் ஆம்பூலில் பாதி மருந்துதான் நோயாளிக்குத் தேவை என்றால் மிச்சப் பாதியைச் சும்மா கொட்டிவிட முடியாது. இன்னொரு நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கொட்டியவரும் பார்த்தவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பார்த்தவருக்கு விட்னஸ் என்று பேர். எல்லா மருத்துவமனையிலும் இதே விதிதான், அவசரத்தில் எல்லோரும் கொஞ்சம் வளைப்பதும் உண்டு. அக்காவிடம் அது நடக்காது. "கண்ணால காணாததுக்குக் கையெழுத்துப் போடப்பிடாது பிள்ளே" என்பார். பத்து தரமாவது எனக்கே சொல்லியிருக்கிறார்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் வார்டில் இருந்தாள். ஒரு நாள் ஒரே சமயத்தில் இரண்டு நோயாளிகளுக்கு மூச்சுத் திணற, அவள் மிச்ச மருந்தைத் தனியாகவே கொட்டிவிட்டு ஓடினாள். விட்னஸ் இல்லை. அவள் திருடவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அக்கா எழுதி மேலே அனுப்பினார். அந்தப் பெண் ஒரு மாதத்தில் ஊருக்கு விமானம் ஏறினாள். அவள் பெட்டி கட்டும்போது நான்தான் அதன் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக் கொடுத்தேன். அக்காவுடன் மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினேன். ஒரே வார்டில் எவ்வளவு நாள்தான் முறுக்கிக்கொண்டு திரிவது?

அந்தச் சம்பவம் முடிந்து இரண்டு வருடம் இருக்கும். கேன்டீனில் டீ குடிக்கும்போது அக்கா ஃபோனை நீட்டினார். ஒரு செடியின் படம். நாற்றுப் பருவம் தாண்டியிருந்தது, இலைகள் துவண்டு தொங்கின. படம் முழுக்க ஊதா வெளிச்சம். "எனக்க மவன் ரூமுக்குள்ள வளக்கியான். ஏதோ வெளிநாட்டுக் கேந்தியாம், ஆன்லைன் படிப்புக்குள்ள புராஜெக்டாம். இப்ப வாடிப் போச்சு. பய சோறு உண்ணாம இருக்கான். நீ தோவாளைக்காரியாக்கும், பாத்துச் சொல்லு."

தோவாளை பூச்சந்தை ஊர். மற்ற ஊர்க்காரர்கள் செண்டுமல்லி என்கிற கேந்திப் பூவை மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த விஷயத்தில் என்னை விட்டால் குவைத்தில் ஆள் இல்லை என்ற மிதப்பில் படத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பல் பல்லாக இலை தெரிந்தது, கேந்திக்கும் அப்படித்தான் இருக்கும். "தண்ணி கூடிப்போச்சு அக்கா. வேரு அழுகுது. ரெண்டு நாள் காயப் போடுங்க. பெறவு அரிசி கழுவுன தண்ணி ஊத்துங்க" என்று வைத்தியம் சொன்னேன். பையன் மத்தியானம் வரை தூங்குகிறவன், பார்த்துப் பார்த்துச் செய்தது அம்மாதான். பத்து நாள் கழித்து அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பிழைச்சிட்டு பிள்ளே!" கடற்கரைக்காரிக்கு மீனைத் தெரியும், செடியைத் தெரியாது. ஐம்பது வயதில் முதன்முதலாக ஒரு செடியைப் பிழைக்க வைத்த சந்தோஷம் அவருக்கு. அன்றைக்கு டீயும் சமோசாவும் அவர் வாங்கித் தந்தார்.

அதற்கடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை மருத்துவமனை ஊழியர்களுக்குப் போதைப்பொருள் பற்றி விழிப்புணர்வு வகுப்பு நடந்தது. நானும் அக்காவும் மூன்றாவது வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். முதலில் மாத்திரைகள், பிறகு பொடிகள். எங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். எனக்குக் கண் சொருகியது. அப்போது திரையில் ஒரு செடி வந்தது. வீட்டில் ஒற்றைச் செடி வளர்த்தாலும் தப்ப முடியாது, இந்த நாட்டில் அதற்கு மன்னிப்பே இல்லை என்று பேச்சாளர் சொல்லிக்கொண்டிருந்தார். செடிக்குப் பின்னால் ஊதா வெளிச்சம். விரித்த விரல்கள் மாதிரி இலை. என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அக்காவின் கை. ஐஸ் மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கேந்தி இல்லை, கஞ்சா. தண்ணீர் கூடிப்போச்சு என்று நான் வைத்தியம் சொன்னது கஞ்சாச் செடிக்கு. எனக்குக் காது அடைத்துப்போனது. அதற்கு மேல் அந்த வகுப்பில் என்ன சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்கா எழுந்து ஓடவில்லை. வகுப்பு முடியும்வரை நேராக உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வரிசையில் நின்று வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. நேராகப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஃபோன் வந்தது. "வீட்டுக்கு வா பிள்ளே. விட்னஸ் வேணும்."

போகாமல் இருந்திருக்கலாம். புத்தியுள்ளவள் போயிருக்க மாட்டாள். ஆனால் அவர் அந்தக் குரலில் விட்னஸ் என்று கூப்பிட்டால் எட்டு வருடப் பழக்கத்தில் கால் தானாக நடக்கும். நான்காம் மாடி வீட்டில் கதவு திறந்ததும் மூக்கில் அடித்தது ஒரு பச்சை நெடி. மகனின் அறையில் துணி அலமாரி திறந்து கிடந்தது. உள்சுவர் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டி, ஊதா விளக்கு தொங்கவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி விசிறி ஒன்றையும் வைத்திருந்தான். ஃபோனில் வீடியோ பார்த்துப் படித்ததாம். விதை எங்கிருந்து வந்தது என்பதை அவன் கடைசிவரை சொல்லவில்லை. இரண்டு தயிர் வாளிகள் சாப்பாட்டு மேசைமேல், செய்தித்தாளின் மீது இருந்தன. ஒன்றில் முழங்கை உயரத்துக்குத் தளதளவென்று ஒரு செடி. இன்னொன்றில் ஒரு சவலை. அக்கா கையுறை, ஏப்ரன், மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு நின்றார். கையில் டிரெஸ்ஸிங் கத்தரி.

பையனுக்குப் பத்தொன்பது வயது. அங்கேயே பிறந்து வளர்ந்தவன், வீட்டிலும் இங்கிலீஷ்தான். சோபாவில் ரத்தம் வற்றின முகத்தோடு உட்கார்ந்திருந்தான். "இட்ஸ் ஜஸ்ட் எ பிளான்ட், மம்" என்றான். அக்கா பெரிய செடியின் தண்டில் கத்தரியை வைத்தார். அவன் அழ ஆரம்பித்தான். "நான் அன்னைக்கே அதைச் சாகடிச்சிட்டேன், மம். யூ சேவ்ட் இட். நீதான் காப்பாத்தினே."

அக்காவின் கை ஒரு நொடி நின்றது. அந்த ஒரு நொடியை நான் மறக்கவில்லை. பிறகு நறுக்கினார், இலை இலையாக, வார்டில் செய்கிற அதே ஒழுங்கோடு. எல்லாம் ப்ளீச் வாளிக்குள் போய், அங்கிருந்து கழிவறைக்குள் போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்ப்பதுதானே விட்னஸின் வேலை?

முடிந்ததும் அவர் கையுறையைக் கழற்றி, கை கழுவி, மகனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். பதிவேட்டில் உள்ளபடியே கோடு போட்டார். பொருள்: செடி. எண்ணிக்கை: இரண்டு. கண்ட இடம்: என் வீடு. அழித்தவர். விட்னஸ். தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நானும் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மூடியைப் பேனாவில் திருகி முடிக்கும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு படித்த பெண்கள், ஒரு நாட்டின் சட்டத்துக்குப் பயந்து ஒரு குற்றத்தைச் சுவடில்லாமல் அழித்துவிட்டு, அதை நாங்கள்தான் செய்தோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறோம். அவரும் அப்போதுதான் தாளை உற்றுப் பார்த்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கிழிச்சுப் போடுங்க அக்கா."

"ரெக்கார்டக் கிழிக்கப்பிடாது பிள்ளே." தாளை மடித்து, டியூட்டியில் சாவி வைக்கும் அந்த நீலப் பைக்குள் வைத்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "தூத்துக்குடிப் பிள்ளைக்கு மட்டும் எழுதி அனுப்பினீங்களே! அவ என்ன செய்தா? ஊருக்குத்தானா உபதேசம்?" என்று கத்திவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அது டியூட்டி. இது நான் பெத்தது" என்றார். பிறகு கத்தரியைத் துடைத்துக்கொண்டே, "அவளையும் ஒருத்தி பெத்திருப்பா, இல்லியா?" என்றார். அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, டாக்ஸிகூடப் பிடிக்காமல் அந்த வெயிலில் ரூம்வரை நடந்தே போனேன்.

அடுத்த டியூட்டியில் அக்கா எல்லோர் முன்பும் இரண்டு சாவிகளையும் மேட்ரன் மேசையில் வைத்தார். முழங்கால் வலி, இனி இன்சார்ஜ் வேண்டாம், சாதாரண ஸ்டாஃபாக இருந்துகொள்கிறேன் என்றார். யாருக்கும் புரியவில்லை, எனக்குப் புரிந்தது. பையன் அந்த வாரமே ஊருக்குப் போனான். பிறகு மூன்று வருடம் அக்கா என்னைவிட இளையவர்களின் கீழ் வேலை செய்தார். நான் மூன்று வருடம் பயந்தே செத்தேன். எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் போலீஸ் வண்டி நின்றால் சோறு இறங்காது. ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட்டை வாங்கியவர் கம்ப்யூட்டரைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தால், பிடித்துவிட்டார்கள் என்றே நினைப்பேன். எங்கேயோ ஒரு தாளில் என் கையெழுத்து இருக்கிறது. அதைத் திரும்பக் கேட்க ஒவ்வொரு நாளும் நினைப்பேன், ஒரு நாளும் கேட்கவில்லை. இரண்டு பேருமே அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மறுபடி வாயைத் திறக்கவில்லை.

அவர் வேலையை விட்டுப் போன மாதம்தான் என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். கடைசி நாள், உடை மாற்றும் அறையில் அந்த நீலப் பையை என் கையில் வைத்து, "சாவிக்கு இது வசதியா இருக்கும்" என்றார். அவர் விமானம் ஏறிய பிறகுதான் திறந்து பார்த்தேன். மடித்த தாள் உள்ளே இருந்தது. அவர் போட்ட கோடுகள், பொருள், எண்ணிக்கை எல்லாம் அப்படியே. அடியில், வேறு மையில், தமிழில் இரண்டு வரி சேர்த்திருந்தார். 'இந்தச் செடிகளை வளர்த்தது நான். என் மகனுக்கு இதில் பங்கு இல்லை.' அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து. போலீஸ் என்றாவது கதவைத் தட்டினால் நீட்டுவதற்காக, மூன்று வருடம் அதைச் சுமந்திருக்கிறார். விட்னஸ் என்று எழுதியிருந்த இடத்துக்கு எதிரே தாளே இல்லை. என் பெயரும் கையெழுத்தும் இருந்த இடம் சதுரமாக, பிசிறில்லாமல், டிரெஸ்ஸிங் கத்தரியால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டை வழியே என் விரல் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று வருடத் தூக்கம் எனக்கு மிச்சமாகியிருக்கும். கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. தாளை அன்றே அடுப்பில் எரித்தேன், தனியாக.

நானும் அந்த நாட்டை விட்டு வந்துவிட்டேன். பையன் ஊரில் படகு இன்ஜின் பட்டறையில் இருக்கிறான், இப்போது தமிழில்தான் சண்டை போடுகிறானாம். இதை எழுதட்டுமா என்று அக்காவுக்கு ஃபோன் செய்து கேட்டேன். "எழுது பிள்ளே. பேரு போடாத. கண்ணால கண்டத மட்டும் எழுது" என்றார். அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

காணாத ஒன்று மட்டும் உண்டு. இன்று காலையும் பையைப் பின் குத்தும்போது அதைத்தான் நினைத்தேன். என் கையெழுத்து இருந்த அந்தத் துண்டுத் தாளை அவர் எங்கே, எப்போது, எப்படி அழித்தார் என்று எனக்குத் தெரியாது. அந்த மனுஷி தன் வாழ்நாளில் விட்னஸ் இல்லாமல் அழித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.