கேற்றுக்கு வெளியே

அம்மா இறந்த அடுத்த வருடம், வல்வெட்டித்துறையின் குறுகிய பழைய ஒழுங்கைகளுக்குள் ஒரு நடைவழி அமைத்துத் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றரை மணித்தியாலத்தில் நடந்து பார்க்க வேண்டும். எங்கே நிற்பது, எதைச் சொல்வது, எந்தப் பக்கம் நிழல், எந்த வீட்டு நாய் கடிக்கும் என்றெல்லாம் பார்த்து நான் வரைந்து கொடுக்க வேண்டும். நான் கட்டட வரைபடம் கீறுகிறவள். சாவகச்சேரியில் தனியே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்பதைவிட பஸ் ஏறிவிடுவது சுகமாக இருந்தது.

ஒரே ஒழுங்கையில் மூன்று தரம் போய் வந்தால் மதிலுக்கு மேலால் யாராவது எட்டிப் பார்த்து, ஆரைத் தேடுறியள் என்று கேட்பார்கள். ஒருத்தரையும் இல்லை என்பேன். நாளுக்கு ஐந்தாறு தடவை அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னேரம் பஸ்ஸுக்குள் இருக்கும்போதும் அந்தப் பதில் வாய்க்குள்ளேயே கிடக்கும்.

அந்த வழியில் மிக நல்ல வீடு, முன்பு பாய்க்கப்பல் ஓட்டிய ஒரு குடும்பத்தினுடையது. சொந்தக்காரர் லண்டனில். அவருக்குத் தூரத்து உறவான ஒரு அக்கா, ஐம்பது வயதிருக்கும், தனியே இருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டா. அவதான் என்னைக் கூப்பிட்டு உள்ளே காட்டினா. எல்லா அறைகளையும் கூட்டித் துடைத்துப் பூட்டி வைத்திருந்தா. அவவின் கட்டில் குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில் கிடந்தது. கூரையைத் தாங்கிய வளைகளைக் காட்டி, அவை உடைத்த கப்பலின் மரங்கள் என்றா. ஆணி கழற்றிய ஓட்டைகள் அப்படியே தெரிந்தன.

"சனம் வந்தால் நான் எல்லாம் சொல்லுவன். எனக்குத் தெரியும்," என்றா.

சொந்தக்காரரோடு தொலைபேசியில் கதைத்தேன். மரியாதையாகத்தான் மறுத்தார். தெரியாத ஆட்களை வீட்டுக்குள் விட அவருக்கு விருப்பமில்லை. அதைப் போய் அக்காவிடம் சொன்னேன். தேத்தண்ணி மட்டும் தந்தா. வெளியில் நின்று மதிலைப் பார்த்துவிட்டுப் போவதாக வரைபடத்தைத் திருத்தினேன்.

முதல் நடைக்கு எட்டு ஆசிரியர்கள் வந்தார்கள். அந்த ஒழுங்கைக்குள் திரும்பும்போது, கேற்றைச் சாத்திவிட்டு, நல்ல சேலை உடுத்து, அக்கா தெருவில் நின்றா.

நான் பதறிப்போய்க் கிட்டப் போனேன். அவ மெதுவாகச் சொன்னா: "உள்ளுக்கை ஆரையும் விடக்கூடாதெண்டுதான் சொன்னவர். நான் வெளியிலை வரக்கூடாதெண்டு சொல்லேல்லை."

பிறகு கதைக்கத் தொடங்கினா. கப்பல் உடைத்த கதை, மரத்தை வண்டிலில் ஏற்றிவந்த கதை, மேல்மாடி யன்னலில் நின்று கடலில் கப்பலின் பாயைத் தேடிய பெண்களின் கதை. நான் பத்து நிமிடம் ஒதுக்கிய இடத்தில் அரை மணித்தியாலம் போயிற்று. ஒருவரும் அசையவில்லை. நாங்கள் புறப்பட, அவவும் கூட வந்தா. கடற்கரை ஐந்து நிமிட நடைதான். அங்கு போனதும், தான் இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருடம் என்றா.

ஆசிரியர்கள் வான் வண்டியில் ஏறிப் போனபின் நாங்கள் இருவரும் ஒரு வள்ளத்தின் நிழலில் இருந்தோம்.

"வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று கேட்டா.

"ஒருத்தரும் இல்லை, அக்கா."

"ஓம்," என்றா. அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு யாரும் அந்தக் கேள்வியோடு நிறுத்தியதில்லை. ஏன் கலியாணம் கட்டவில்லை என்றுதான் அடுத்ததாக வரும்.

அதன்பின் நடை நடந்த நாட்களில் எல்லாம் அவ கேற்றடியில் நின்றா. முடிந்ததும் எனக்குக் குசினியில் சோறு போட்டா. சில மாதம் அப்படிப் போயிற்று. பிறகு வீடு விலைப்பட்டது. அக்காவை வவுனியாவிலிருந்த தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனார். எனக்குச் சொல்ல நேரம் இருந்திருக்காது.

நம்பர் தேடி எடுத்து ஒருநாள் கதைத்தேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம். யாரோ அவவை அத்தை, அத்தை என்று இழுத்தார்கள். அவவின் குரல் முன்பைவிட உரத்திருந்தது.

"பிறகு கோல் எடுக்கிறன் பிள்ளை, இதுகள் விடுகுதில்லை," என்றா.

அவவுக்கு அது வாய்த்ததில் உண்மையாகவே சந்தோசப்பட்டேன். பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவ திரும்ப எடுக்கவில்லை.