நாலாவது சீர்

நீடாமங்கலத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பாட்டு எழுதுகிறவர் வேம்பு. சைபுல்லா பாயின் அச்சகத்தில்தான் வேலை. செத்தவர் பெயரில் பாட்டுத் தொடங்க வேண்டும், முதல் வரியிலேயே சாவைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். வரிக்கு நாலு சீர். ஒரு சீர் குறைந்தாலும் வேம்புக்குச் சோறு இறங்காது.

குவைத்துக்கு டிரைவராகப் போன இளம்பரிதி அங்கே விபத்தில் இறந்துபோனான். உடல் வர நாளாகும் என்றார்கள். கூட்டாளிகள் அதற்குள் சுவரொட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். இளம், களம், வளம், உளம் என்று நாலு வரிக்கும் எதுகை அமைந்துவிட்டது. வேம்பு மேசையில் தட்டி, முதல் வரியைச் சீர் பிரித்துச் சொல்லிப் பார்த்தார்.

"இளம்பரிதி, எங்கள், இனியவன், மறைந்தான்."

மகனின் போட்டோவோடு வந்த பூவம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தம்பி, கண்ணீர்னு போட்டுக்க. கண்ணீர்தான் வருது. அந்தக் கடைசி வார்த்த மட்டும் வேணாம். பெட்டி வர்ற வரைக்கும் எம்புள்ள குவைத்துலதான் இருக்கான்."

"வரி நிக்காதுக்கா."

"நிக்காட்டிப் போவுது."

பிரிந்தான், சென்றான் என்று மாற்றிப் பார்த்தார். எல்லாம் அதையேதான் சொல்லின. வேறு எதைப் போட்டாலும் பொய். கடைசியில் அந்த இடத்தை வெறுமனே விட்டார்.

"என்ன வேம்பு, எடம் காலியா கெடக்கு? நம்ம அச்சக விளம்பரத்தப் போட்டுடவா?" என்றார் பாய். வேம்பின் முகத்தைப் பார்த்ததும் மெஷினை ஓட்டினார்.

ரயில்வே கேட் சுவரில் ஒட்டியதும் டீக்கடை இராஜாங்கம் கூப்பிட்டுக் கேட்டான். "புலவரே, நாலாவது சீரக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா?"

வேம்பு பசை வாளியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். அன்றிலிருந்து அந்தச் சுவரைப் பார்க்காமல் சுற்றிப் போனார்.

மழை விட்ட ஒரு காலையில் பெட்டி வந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் பூவம்மாள் அச்சகத்துக்கு வந்தாள்.

"இப்ப எழுதிடு தம்பி."

இருவரும் ரயில்வே கேட்டுக்கு நடந்தார்கள். சுவரொட்டியின் சாயம் வெளுத்திருந்தாலும் வெற்றிடம் அப்படியே இருந்தது. வேம்பு பிரஷ்ஷை மையில் தோய்த்து எழுதினார்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஈரம் காயாத அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப வரி நிக்குதா?"

"நிக்குதுக்கா."