அபோண்டி கேட்கும் கேள்வி

"சாப்பிட்டியாடா?" என்று போகிறவனைக் கேட்டபடியே ஒமேனா மீனைப் புரட்டுகிறாள் அபோண்டி. சுண்டுவிரல் நீள மீன். வலைமேல் பரப்பிக் காயவைத்தால் ஏரிக்கரை முழுக்க வெள்ளி கொட்டிக் கிடப்பதுபோல் இருக்கும். கொக்கு இறங்கினால் அதற்கும் வசவு: "உங்கப்பன் வீட்டு மீனா?" என் கடையில் டீக்கு நிற்கும் பாதிரியாரையும் அவள் கேள்வி விடாது.

கேள்வி உகாலிக் களியைப் பற்றியதல்ல என்பது சிலருக்குத்தான் தெரியும். எச்.ஐ.வி. மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்கள் அவர்கள். அவர்களை மட்டும் கேட்டால் ஊர் மோப்பம் பிடித்துவிடும். அதனால் ஊரையே கேட்கிறாள்.

மீன் போன திசையில் கரை மாறிக்கொண்டே இருக்கும் படகுக்காரர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் எப்போது நிற்பது? அவர்களுக்காக இவள் வாங்கி வருவாள். குலுங்கிக் காட்டிக்கொடுக்காமல் இருக்க டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து, கருவாட்டுக்கு அடியில் வைத்து, ஆளாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவளும் விழுங்குகிறவள்தான், தன் விஷயத்தை மட்டும் ஒளிப்பதில்லை. "என் புருஷனைவிட இந்த மாத்திரைதான் என்கூட ரொம்ப நாள் குடித்தனம் பண்ணுது" என்பாள்.

போன மழைக்கு முன்னால், ஓபுரா என்ற படகுக்காரன் டப்பாவை அவளிடமே திருப்பிக் கொண்டுவந்தான். அவர்கள் படகு தூரத்துக் கரைக்குக் கிளம்புகிற வாரம் அது. திரும்ப மாதங்கள் ஆகும்.

"வேணாங்கா. படகுல ஒருத்தனுக்கொருத்தன் ஒட்டிக்கிட்டுத்தான் உக்காருவோம். ஓமுலோ அண்ணன் பாத்துட்டா அங்கயே எறக்கி விட்டுடுவாரு. வேலை போச்சுன்னா புள்ளைங்க என்ன திங்கும்?"

"நீ போய்ச் சேந்துட்டா மட்டும் என்ன திங்கும்?"

அவன் டப்பாவை வலைமேல் வைத்துவிட்டு நடந்தான்.

படகுத் தலைவன் ஓமுலோவுக்கும் வருடக்கணக்காக அவள்தான் மாத்திரை கொடுக்கிறாள். ஒரே படகில் ஒருவனுக்குப் பயந்து ஒருவன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அவள் சொல்லவில்லை. இருவரும் பிற்பாடு தாங்களே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினாளோ, நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

மறுநாள் ஓமுலோவைத் தனியே பிடித்தாள்.

"மாத்திரையை எல்லார் முன்னாடியும் முழுங்கேன்."

"கிறுக்கு புடிச்சுருச்சா உனக்கு? ஏன், என் படகுல வேற யாராச்சும் இருக்கானா?"

"இருந்தா உன்கிட்ட சொல்லுவேனா? உன்னைப் பத்தி யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கேனா?"

ஓமுலோ காறித் துப்பிவிட்டுப் போனான். அப்புறம் அவளுக்குக் காயவைக்க மீன்கூடப் போடவில்லை.

கிளம்பும் மாலை வந்தது. ராத்திரியில் மீனை இழுக்கும் விளக்குகளைப் படகில் ஏற்றியாயிற்று. ஓபுரா துடுப்போடு குனிந்து உட்கார்ந்திருந்தான். ஓமுலோ திடீரென்று தன் டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டு, ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்தான்.

"என்னடா முழிக்கிறீங்க? இத்தனை வருஷமா என்னை ஓட்டுறது இதுதான். பயப்படுறவன் இப்பவே எறங்கிக்கோ!"

யாரும் இறங்கவில்லை. "எறங்கினா எங்க பங்கையும் நீயே அமுக்கிடுவ" என்று எவனோ முனக, படகே சிரித்தது. ஓபுரா மட்டும் சிரிக்கவில்லை, தலை நிமிர்ந்திருந்தது.

அபோண்டி முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய், இடுப்புத் துணியில் முடிந்திருந்த, திரும்பி வந்த அந்த டப்பாவைப் படகின் விளிம்பில் வைத்தாள். யார் பக்கமும் தள்ளவில்லை. ஒரு கை நீண்டு அதை எடுத்ததை நான் கடையிலிருந்தே பார்த்தேன். அவள் பார்க்கவில்லை. வைத்த உடனேயே திரும்பி, படகு நகரும்வரை அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.