ஈர மணலில் முப்பத்தொரு விதைகள்

தேவானந்தம் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு மூன்று முறை தொட்டுப் பார்ப்பவர். தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா ரத்தினபாயோடு சேலையூரில் இருக்கிறார். அவர்கள் அம்மாவின் கடைசி இரண்டு வருடம் நான்தான் வீட்டு நர்ஸ். இன்றும் ஏதாவது என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போன ஏப்ரலில் அவர்கள் ஃபிரிட்ஜில், காய்கறித் தட்டில், ஒரு டப்பா இருந்தது. உள்ளே ஈர மணலில் முப்பத்தொரு காட்டுச் செர்ரி விதைகள். மலைக்காட்டில் அழிந்துவரும் மரம். அவருடைய பழைய பேராசிரியர் தேடித் திரிந்ததில் அந்த வருடம் காய்த்த மரம் ஒன்றே ஒன்று. பாதி விதையை மலை நாற்றங்காலில் ஊன்றினார்கள். முள்ளம்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. மீதி, பேராசிரியர் இவரை நம்பிக் கொடுத்த இந்த டப்பாதான். இந்த விதை காய்ந்தால் செத்துவிடும்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு போன். “சிஸ்டர், உடனே வாங்க.” ரத்தினபாய் குரல். பிரஷர் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன்.

மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து, மோர்மிளகாய்க்குப் பக்கத்தில் விதைகள் காய்ந்துகொண்டிருந்தன. தேவானந்தம் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

“பாகல், பூசணி எல்லாம் கழுவிக் காய வெச்சுத்தானே எடுத்து வைப்போம்? ஃபிரிட்ஜுக்குள்ள மண்ணு வெச்சா நான் என்னடா நினைக்கிறது?” என்றார் ரத்தினபாய். சத்தம் பெரிதாக இருந்தாலும் முகம் வெளுத்திருந்தது.

“எப்ப போட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஏழரைக்கு.”

“அழுறது அப்புறம். வாளியில தண்ணி கொண்டு வாங்க” என்றேன்.

இருபத்தொன்பதுதான் இருந்தன, இரண்டை அணில் கொண்டுபோயிருந்தது. மூழ்குவதை வைத்துக்கொள்ள வேண்டும், மிதப்பது சொத்தை என்றார் தேவானந்தம். சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். அக்காதான் ஒவ்வொன்றாகப் போட்டார். பதினெட்டு மூழ்கின.

“அப்ப உயிர் இருக்கு, இல்ல சிஸ்டர்?” என்று கேட்டார் ரத்தினபாய்.

“இருக்கலாம்.”

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. நோயாளி வீட்டிலும் நான் பொய் சொல்வதில்லை.

மறுபடி ஈர மணல், ஃபிரிட்ஜ். பேராசிரியர் போன் செய்தால் தேவானந்தம் எடுக்கமாட்டார். கரண்ட் போனால் டப்பாவைச் சுற்றி ஐஸ் அடுக்குவார். தினமும் காலையில் டப்பாவை மேசையில் வைப்பார். மூடியைத் திறக்கக் கை வராது. “அக்கா, நீ பாரு.” அக்கா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். தேவானந்தத்தின் எடை நான்கு கிலோ குறைந்தது. பிரஷர் நூற்றறுபதுக்குக் கீழே இறங்கவே இல்லை.

முப்பத்தெட்டாம் நாள் நான் அங்கே இருந்தேன். ரத்தினபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“டேய், ஒண்ணு வாயைத் தொறந்திருக்குடா.”

மொத்தம் ஐந்து முளைத்தன. அதன் பிறகுதான் பேராசிரியருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னார். பேராசிரியர், “அஞ்சு கிடைச்சுதே. நீயே கொண்டு வா” என்றாராம்.

ஜூலையில், மீன் வரும் தெர்மகோல் பெட்டியில் ஐந்து செடிகளை வைத்து, இருவரும் மலைக்குப் போகத் தாம்பரத்தில் பஸ் ஏறினார்கள். வழியனுப்பப் போனேன். பெட்டி அவர் மடியில். ஈரத்துணி அக்கா கையில். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே கேட்டது:

“அக்கா, மூடியைத் தொறந்து நீ பாரேன்.”