சிறுத்தை யாரைப் பார்த்தது?

1961 ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் ஏறும்போதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. காரணம், ஜமால் பாயின் தோளில் தொங்கிய நானூறு மில்லிமீட்டர் ஜப்பான் லென்ஸ். கைக்குழந்தையைப் போல அதைத் துணியில் சுற்றி அணைத்துக்கொண்டு படியேறினார். என் பையில் இருந்த லென்ஸ் அதில் மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் எட்டும்.

என் ஸ்டூடியோ சிராங்கூன் சாலையில் இருக்கிறது. அவருடையது ஜாலான் புசாரில், நடந்தே போய்விடலாம். பாஸ்போர்ட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் வேண்டுமென்றால் ஜனங்கள் என்னிடம் வருவார்கள். கல்யாணம் என்றால் நேரே அவரிடம் போவார்கள். வருடாவருடம் நகரில் நடக்கும் புகைப்படக் கண்காட்சியில் அவர் படம் இரண்டு முறை தொங்கியிருக்கிறது. என் படம் ஒருமுறைகூடத் தொங்கியதில்லை. இந்தத் தடவை எப்படியாவது சுவரேறிவிட வேண்டும் என்பதுதான் என் வைராக்கியம்.

கென்யாவுக்குப் போகும் யோசனை அவருடையது. ஹை ஸ்ட்ரீட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரரின் தம்பி அங்கே வோய் என்ற ஊரில் மளிகைக்கடை நடத்துகிறார். தங்க இடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"தனியாப் போனா ஜீப் வாடகை கட்டாதுண்ணே. நீங்களும் வாங்க, பாதிப் பாதி போட்டுக்கலாம் லா" என்றார் ஜமால் பாய்.

அவர் மட்டும் போய்ச் சிங்கத்தோடு திரும்பி வருவதை நினைத்துப் பார்த்தேன். மறுநாளே சம்மதம் சொல்லிவிட்டேன்.

நாகப்பட்டினம் வரை ஒரு கப்பல், பம்பாய் வரை ரயில், அங்கிருந்து மொம்பாசாவுக்கு இன்னொரு கப்பல். கடல் முழுக்க எனக்கு வாந்தி. அவர் மூன்று வேளையும் சாப்பிட்டார். மொம்பாசாவிலிருந்து வோய் ரயிலில் ஏறத்தாழ நூறு மைல். மண் செங்கல் பொடியைப் போல் சிவந்து கிடக்கிறது. இறங்குவதற்குள் என் வெள்ளைச் சட்டை காவியாகிவிட்டது.

மளிகைக்கடைக்காரர் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் போட்டு உபசரித்தார். ஒரு நாளைக்கு அறுபது ஷில்லிங் என்று ஜீப்பும் பேசிக் கொடுத்தார். ஜீப்பை ஓட்ட வந்தவர் பெயர் முதுவா. நெடுநெடுவென்று வளர்ந்த, அதிகம் பேசாத மனிதர். நான் என் இங்கிலீஷையெல்லாம் கொட்டிப் பார்த்தேன், தலையை மட்டும் ஆட்டினார். ஜமால் பாய் மலாயில் "அப்பா கபார்?" என்று நலம் கேட்டார். முதுவாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் பாஷையில் நலம் விசாரிக்க "ஹபாரி" என்பார்களாம். இரண்டும் அரபியிலிருந்து வந்த ஒரே சொல். அதற்குப் பிறகு ஜீப்பின் முன் ஸீட் ஜமால் பாய்க்கு என்றாகிவிட்டது. பின்னால் தண்ணீர்ப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

பதினெட்டு மைல் போனதும் ஒரு நீர்க்குட்டை. அதன் கரையில் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு குடில், மேலே முள்ளும் வைக்கோலும் போட்டு மூடியிருந்தார்கள். உள்ளே இரண்டு முக்காலிகள். கண்ணுக்கு நேராக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துவாரங்கள். லென்ஸை அதில் நுழைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இருமக்கூடாது, பேசக்கூடாது, வாசனை கூடாது என்று சைகையாலேயே சொன்னார் முதுவா. சொல்லிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். ஜமால் பாய் வழக்கம்போல அத்தர் பூசியிருந்தார்! கழுத்திலும் மணிக்கட்டிலும் மண்ணைத் தேய்த்துக் கழுவச் சொல்லி அனுப்பினார் முதுவா. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. அத்தர் வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது, படம் கெட்டால் இந்த ஆளால்தான் கெடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு இடது துவாரம், எனக்கு வலது துவாரம். பகலெல்லாம் வரிக்குதிரைகள் வந்தன, காட்டுப்பன்றிகள் வந்தன. நாலு மணிக்கு யானைக்கூட்டம் வந்து, அதுவும் சிவப்பு மண்ணைப் பூசிக்கொண்டு, ஒரு மணி நேரம் குளித்துவிட்டுப் போனது. இருவரும் எடுத்தோம். ஆனால் யானைப் படம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அதற்குக் கண்காட்சியில் இடம் கிடைக்காது என்பது இருவருக்குமே தெரியும்.

வெயில் சாய்ந்து, ஒளி மஞ்சளாகும் நேரத்தில் முதுவா என் தோளைத் தொட்டார்.

எதிர்க்கரையில், சுமார் நாற்பது கெஜம் தள்ளி, ஒரு சிறுத்தை குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. முகம் தண்ணீரை ஒட்டி இருந்தது, எனக்குத் தெரிந்ததெல்லாம் தோளும் முதுகும்தான். விரலைப் பொத்தானில் வைத்துக் காத்திருந்தேன். அது நிமிரவில்லை. ஒளி போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜமால் பாய் மூச்சுக்கூட விடவில்லை.

இருபது வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுப்பவனின் வாய் அவன் பேச்சைக் கேட்காது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"முகத்தைக் கொஞ்சம் நிமித்துங்க" என்றேன். சத்தமாக. மரியாதையாக.

சிறுத்தை முகத்தை நிமிர்த்தியது.

அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. மோவாயில் தண்ணீர் சொட்ட, இரண்டு கண்ணும் திறந்து, பாஸ்போர்ட்டுக்கு வந்த எவரும் என் கேமராவுக்குத் தராத ஒரு முகம். ஆனால் என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டுப் போயிருந்தேன், கை துள்ளிப் பொத்தானைத் தாறுமாறாக அமுக்கிவிட்டது. பக்கத்தில் ஒரே ஒரு 'க்ளிக்' கேட்டது. மறுபடி பார்த்தபோது கரையில் ஒன்றுமில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று படித்ததெல்லாம் எனக்காக எழுதியதுதான்.

முதுவா தலையில் கைவைத்துக்கொண்டார். ஜமால் பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணே, சிறுத்தையே உங்க பேச்சைக் கேக்குது லா! எங்க ஸ்டூடியோவுல சின்னப் புள்ளைங்ககூட கேக்க மாட்டேங்குதுங்க."

"படம் விழுந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல. கை ஆடியிருக்கலாம்."

அந்த "ஆடியிருக்கலாம்" என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பும் வரை உயிர் வாழ்ந்தேன். அவர் படம் ஆடியிருந்தால் வீரமாகாளியம்மன் கோயிலில் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அம்மன் கேட்டிருக்க மாட்டாள்.

ஊருக்கு வந்ததும் அவர், "வாங்கண்ணே, சேர்ந்தே கழுவலாம்" என்று தன் இருட்டறைக்குக் கூப்பிட்டார். என் ஃபிலிமில் சிறுத்தை இருக்க வேண்டிய இடத்தில் புல்லும் ஒரு வாலும் இருந்தன. அவருடையதைக் காகிதத்தில் ஏற்றி, சிவப்பு விளக்கில் தட்டில் போட்டோம். வெறும் காகிதத்தில் முதலில் கண்கள் வந்தன. பிறகு மீசை, பிறகு மோவாயில் தொங்கிய நீர்த்துளி. அந்தத் துளிகூட ஆடவில்லை.

காகிதத்தை இடுக்கியால் எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றினோம். பிறகு ஜமால் பாய் மெதுவாகச் சொன்னார்: "படத்துக்குக் கீழ உங்க பேரையும் போட்டுடவா அண்ணே? நீங்க சொல்லாட்டி அது நிமிர்ந்திருக்காது."

மனதாரத்தான் கேட்டார். அதுதான் இன்னும் எரிந்தது. "வேணாம் பாய். பட்டனை அமுக்குனது நீங்கதானே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு. இப்போது அவர் ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் ஆளுயரத்தில் அதை வைத்திருக்கிறார். கல்யாணப் படத்துக்குப் பேச வருகிறவர்கள் அதன்முன் நின்று வாயைப் பிளக்கிறார்கள். எப்படி இந்தப் பக்கம் பார்க்க வைத்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம் அவர் ஒளிக்காமல் என் கதையைச் சொல்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். என்னிடம் படமெடுக்க வருகிறவர்கள்கூட, "நிமித்துங்கன்னு சொல்லுங்கண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

மாலையில் கடை அடைத்ததும் ஜாலான் புசார் பக்கம் நடக்கிறேன். வேறு வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். கண்ணாடி முன் நின்று பார்த்தால், ஒரு விஷயம் எனக்கு மட்டும் தெரியும். அந்தச் சிறுத்தை ஜமால் பாயைப் பார்க்கவில்லை. அதன் கண்கள் லென்ஸுக்குக் கொஞ்சம் வலப்பக்கம், குரல் வந்த துவாரத்தைப் பார்க்கின்றன.

படத்தில் வேறு பக்கம் பார்க்கும் கண், நாம் எங்கே நகர்ந்து நின்றாலும் நம்மைப் பார்க்காது. இது தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

"உள்ள வாங்கண்ணே, டீ குடிக்கலாம்" என்று ஜமால் பாய் கூப்பிடுகிறார்.

"இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து நிற்கிறேன்.