அய்யலூர்ச் சந்தையில் என் ரோபோவின் நடை

வீட்டில் நான் செய்த நாலுகால் ரோபோ, நடக்கும்போது தள்ளாடுகிறது. ஆடு எப்படிக் காலெடுத்து வைக்கிறது என்று வீடியோ எடுத்து ஒப்பிட, இன்று காலை ரோபோவை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குத் தூக்கிப்போனேன்.

அங்கே ஆட்டைக் கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் விலையே பேசுவார்கள். ஓர் அக்கா தன் கிடாயை நடக்கவிட்டார். கிடாய்க்கு எதிரே நான் ரோபோவை நடக்கவிட்டேன்.

கிடாய் மிரண்டு, ரோபோவின் பின்னாலேயே தயங்கித் தயங்கிக் காலை வைத்தது.

"கால்ல ஏதோ கோளாறு இருக்குக்கா, வேணாம்" என்று வாங்க வந்தவர் போய்விட்டார்.

"ஏப்பா, அந்தச் சனியனைத் தூக்கிட்டுப் போறியா, இல்ல கிடாய நீயே வாங்கிக்கிறியா?" என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் பார்த்தேன். இரண்டின் நடையும் அச்சு அசலாக ஒன்றுதான்.

ரோபோ தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?