சாக்ஸில் சீப்பு வைத்திருந்தவர்

கழக்கூட்டத்து மென்பொருள் அலுவலகங்கள் சேர்ந்து வருடாவருடம் நடத்திய ஓட்டப் பந்தயத்தில் மட்டும்தான் அவரைப் பார்ப்பேன். ஏதோ ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு என்று கேள்வி. பேச்சில் நாகர்கோவில் வாடை. அடர்ந்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத டீ-ஷர்ட், சாக்ஸுக்குள் ஒரு சீப்பு.

புகைப்படக்காரர் நிற்கும் திருப்பம் வரை அவர் நடந்துதான் வருவார். ஓடியே வந்த நானும் அவரோடுதான் அங்கே போய்ச் சேர்வேன் என்பது வேறு விஷயம். கேமரா கண்ணில் பட்டதும் தலையை வாரி, மார்பை நிமிர்த்திக்கொண்டு பாய்வார். திருப்பம் தாண்டியதும் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்துவார்.

ஒருமுறை பந்தயத்துக்கு மறுநாள், பழவங்காடி ஸ்டூடியோவில் படங்களைப் பலகையில் குத்தி விற்பனைக்கு வைத்திருந்தார்கள். என் படத்தில் நான் வாயைப் பிளந்து, கண் செருகி, நாய் துரத்தியவன்போல இருந்தேன். இதற்குப் போய்ப் பணமா என்று திரும்பினால், பக்கத்தில் அவர்.

"சாரே, இத நீங்க வாங்கலேன்னா நான் எடுக்கட்டா? பின்னால நான் நல்லா வந்திருக்கேன்."

"முன்னால நான் நிக்கேனே?"

"சாரமில்ல, பரவால்ல, உங்கள வெட்டிக்கலாம்" என்றவர், படத்திலிருந்த என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, உண்மையான கவலையோடு கேட்டார்: "இவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு சாரே ஓடுதீங்க?"

வெட்டுப்படப் பயந்து படத்தை நானே வாங்கிவிட்டேன். வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அவரைக் காட்டி, "இவருதானே ஜெயிச்சது?" என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்றுதான் சொல்கிறேன்.